பிக்பாஸுக்கு நாள் முழுக்க, கடல் செய்திக்கு ஒற்றை வரி: டிவி பொழுதுபோக்கு இவ்வளவு பெரிய செய்தியா?

வாடைக்காற்று (தங்கச்சிமடம்)

பிக்பாஸ், சீரியல் பார்ப்பவர்களைக் குறை சொல்ல இதைத் தொடங்கவில்லை. என் வீட்டிலும் ராத்திரி ஆனால் அதுதான் ஓடுகிறது, நானும் கூட உட்கார்ந்து பார்க்கிறேன். என் கோபமெல்லாம் செய்திச் சேனல்கள் மேல்தான். ஒரு பொழுதுபோக்குச் சேனலில் இரவு ஓடி முடிந்ததை, மறுநாள் செய்திச் சேனல் எதற்காகப் பகல் முழுக்க ஓட்ட வேண்டும்?

ஒரு வாரத்தை மட்டும் நினைவுபடுத்துகிறேன். 2021 ஜனவரி 17, ஞாயிற்றுக்கிழமை இரவு பிக்பாஸ் நான்காம் சீசன் முடிந்து நடிகர் ஆரி ஜெயித்தார். மறுநாள் கோட்டைப்பட்டினத்தில் இருந்து ஒரு விசைப்படகு கடலுக்குப் போனது. நெடுந்தீவுப் பக்கம் இலங்கைக் கடற்படைக் கப்பலோடு மோதி மூழ்கியது. படகில் இருந்த நான்கு பேரும் இறந்துபோனார்கள். நான்கு பேருமே நம் இராமநாதபுரம் மாவட்டம்: ஒருவர் எங்கள் தங்கச்சிமடம், இருவர் உச்சிப்புளி, ஒருவர் மண்டபம் முகாம். ஆள் கிடைத்தார்களா இல்லையா என்று தெரியாமல் ஊரே தவித்துக்கொண்டிருந்த நேரத்தில் டிவியைப் போட்டால், யார் எவ்வளவு ஓட்டு வாங்கினார், வெளியே வந்ததும் யார் யாரைக் கட்டிப்பிடித்து அழுதார் என்று ஓடிக்கொண்டிருந்தது. திரையில் கீழே ஓடும் எழுத்தில் ஒரு வரி நம்முடையது.

அப்புறம் 2024 நவம்பர் 20. இராமேஸ்வரத்தில் 40 செ.மீ.க்கு மேல் மழை, பாம்பனில் 28 செ.மீ., அதிலும் பெரும்பகுதி சில மணி நேரத்துக்குள் கொட்டியது. தெருவில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது, செல்போனில் ஒரு சேனலைத் திறந்தால் முதல்நாள் இரவு அறிவித்த ஒரு பிரபலத் தம்பதியின் பிரிவைப் பற்றி நான்கு பேர் உட்கார்ந்து அலசுகிறார்கள். அது முடிந்ததும் அன்றைய பிக்பாஸ் பிரமோ. எங்களுக்கு வேண்டியிருந்தது எந்த ரோடு அடைத்திருக்கிறது, இன்னும் எவ்வளவு நேரம் பெய்யும் என்பதுதான்.

மக்கள் பார்க்கிறார்கள் என்ற ஒரே காரணம் போதுமா ஒன்று செய்தியாக? மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கீழக்கரையான் (துபாய்)

அண்ணே, அந்த நான்கு பேர் விஷயத்தில் உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் பொழுதுபோக்கு என்று பெயர் வைத்தவுடன் அது செய்திக்குத் தகுதி இல்லாததாக ஆகிவிடாது.

2017 ஜூன் கடைசியில் பிக்பாஸ் முதல் சீசன் தொடங்கியது. வாரக் கடைசியில் கமல் வந்து நிற்பார். உள்ளே நடந்த சண்டையை விசாரிக்கிற சாக்கில் நாட்டு நடப்பையும் தொட்டுப் பேசுவார். வெளியே டிவிட்டரில் அன்றைய அரசை நேரடியாகவே விமர்சித்தார். சரி, அடுத்து என்ன நடந்தது? 2018 பிப்ரவரி 21 காலையில் நம் இராமேஸ்வரத்தில் கலாம் வீட்டுக்கு வந்து அங்கிருந்து அரசியல் பயணத்தைத் தொடங்கினார். மீனவர்களைப் பார்த்தார், இராமநாதபுரம், பரமக்குடி வழியாக மதுரைக்குப் போய் அன்று இரவே கட்சியை அறிவித்தார். ஒரு டிவி நிகழ்ச்சி ஒரு கட்சிக்கு மேடை போட்டுக் கொடுத்ததா இல்லையா என்பது செய்தி இல்லாமல் வேறு என்ன? அந்த நூறு நாளைக் கவனிக்காத நிருபருக்கு அந்த பிப்ரவரி மாதம் பாதிதான் புரிந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாங்கள் ஒரு அறையில் பல ஊர்க்காரர்கள் தங்கியிருக்கிறோம். வேலை முடிந்து வந்து அத்தனை பேரும் சேர்ந்து பேச ஒன்று வேண்டும். அரசியல் பேசினால் சண்டை வருகிறது. ஊரைப் பற்றிப் பேசினால் ஏக்கம் வருகிறது. பிக்பாஸில் நேற்று யார் செய்தது சரி என்று பேசினால் நாகூர்க்காரரும் நாகர்கோவில்காரரும் ஒரே பாயில் உட்காருகிறோம். அதைப் பற்றி மறுநாள் படிக்கவும் ஆசைப்படுகிறோம். அந்த ஆசையைக் கேவலமாகப் பார்க்க வேண்டாம்.

உச்சிப்புளி

காக்கா (கீழக்கரை அண்ணனைத்தான் சொல்கிறேன்), ஆசையை யாரும் கேவலமாகப் பேசவில்லை. அதற்குத் தனிச் சேனல் இருக்கிறது, தனி யூடியூப் பக்கம் ஆயிரம் இருக்கிறது. செய்திச் சேனலின் நேரத்தை எதற்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் கேள்வி. இறந்த நால்வரில் இருவர் எங்கள் ஊர்க்காரர்கள். அந்த வாரத்தை என்னால் மறக்க முடியாது.

மாவட்டச் செய்தி (இராமநாதபுரம்)

நான் இந்தத் தொழிலில் இருக்கிறேன். மாவட்டத்தில் பகுதிநேரச் செய்தியாளராக ஒரு சேனலுக்கும் ஒரு இணையதளத்துக்கும் அனுப்புகிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் கோபத்தை யார் மேல் வைப்பது என்பதும் தெளிவாகும்.

விடிகாலையில் போன் வருகிறது: நேற்று போன படகில் இரண்டை இலங்கைக் கடற்படை பிடித்துவிட்டது. நான் மீனவர் சங்கத்தில் பேசி எண்ணிக்கையை உறுதி செய்து அனுப்புகிறேன். சேனலின் செய்தி டெஸ்கில் முதல் கேள்வி, காட்சி இருக்கிறதா? பிடித்தது நடுக்கடலில், இருட்டில். காட்சிக்கு நான் எங்கே போவேன்? பழைய படகுக் காட்சியைப் போட்டு இருபது வினாடியில் முடித்துவிடுவார்கள். அழுகிற அம்மாவின் பைட் (சின்னப் பேட்டி) வேண்டுமென்றால் நான் பைக்கை எடுத்துக்கொண்டு பாம்பன் பாலம் தாண்டிப் போய், பேச மனம் இல்லாதவரிடம் மைக்கை நீட்டி, எடுத்ததை ஏற்றி அனுப்ப வேண்டும். பெட்ரோல் என் காசு. ஒரு செய்திக்கு இவ்வளவு என்று கணக்கு, அது ஒளிபரப்பானால்தான் கிடைக்கும்.

இப்போது பிக்பாஸ் செய்தி எப்படி வருகிறது என்று பாருங்கள். காலையிலேயே பிரமோவை அந்தச் சேனலே இணையத்தில் போட்டுவிடுகிறது. அதில் முகம் இருக்கிறது, சண்டை இருக்கிறது, கண்ணீர் இருக்கிறது. அதன் கீழே ஆயிரம் பேர் கருத்து எழுதியிருப்பார்கள். சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் அந்தக் கருத்துகளை அடுக்கி ‘கொந்தளித்த ரசிகர்கள்’ என்று தலைப்பு வைத்தால் செய்தி தயார். வண்டி வேண்டாம், கேமராமேன் வேண்டாம், எந்த அதிகாரியையும் கேட்டு உறுதி செய்ய வேண்டாம், யாரும் வழக்குப் போடப்போவதும் இல்லை. மக்கள் கேட்கிறார்கள் என்று சொல்வது பாதி உண்மை. மீதிப் பாதி, அது தயாரிக்க மலிவு.

டிஆர்பி என்கிற பார்வையாளர் கணக்கு பற்றியும் சொல்கிறேன். பார்க் என்ற அமைப்பு, தேர்ந்தெடுத்த சில பத்தாயிரம் வீடுகளில் மீட்டர் வைத்து இந்தியா முழுக்க யார் எதைப் பார்க்கிறார்கள் என்று கணக்கிடுகிறது. 2020-இல் மும்பை போலீஸ் அந்தக் கணக்கில் மோசடி நடந்ததாக வழக்குப் போட்டது. அந்த அக்டோபரில் செய்திச் சேனல்களுக்கான வாராந்திர ரேட்டிங்கை நிறுத்தினார்கள், 2022 மார்ச்சில்தான் திரும்ப வந்தது. கிட்டத்தட்ட ஒன்றரை வருடம் ரேட்டிங் என்ற நெருக்கடியே இல்லை. வாடைக்காற்று அண்ணன் சொன்ன 2021 ஜனவரி அதற்கு நடுவில்தான் வருகிறது. ரேட்டிங் இல்லாதபோதும் இதையேதான் ஓட்டினார்கள் என்றால், பழியை முழுக்கப் பார்வையாளர் மேல் போட முடியாது.

பாம்பன் அக்கா

எல்லாரும் பிக்பாஸைப் பற்றியே பேசுகிறீர்கள். சீரியல் பற்றி நான் பேசுகிறேன்.

நாங்கள் கடல்பாசி எடுக்கப் போகிற பெண்கள். இடுப்பளவு, கழுத்தளவுத் தண்ணீரில் நின்று, மூழ்கி, பாறையில் கை கிழிய எடுக்கிற வேலை. ராத்திரி எட்டு மணிக்குச் செய்திச் சேனலில் விவாதம் நடக்கிறதே, அதில் எங்களில் ஒருத்தியைக் கூப்பிட்டு உட்கார வைத்து நான் பார்த்தது இல்லை. மன்னார் வளைகுடாத் தீவுப் பக்கம் போகக்கூடாது என்று வனத்துறை சொல்கிறது, 1986-இல் தேசியப் பூங்கா ஆக்கிவிட்டார்கள், அதற்கு முன்னாலிருந்தே எங்கள் அம்மாக்கள் அங்கே பாசி எடுத்தார்கள். இதைப் பற்றி அந்தப் பெரிய மனிதர்கள் ஒரு நாள் பேசினால் என்ன? அவர்கள் பேசுவதெல்லாம் செய்தி, நாங்கள் பார்க்கிற சீரியல் மட்டும் வெட்டி என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எதிர்நீச்சல் சீரியல் ஓடியபோது குணசேகரன் வீட்டுச் சொத்தில் அப்பத்தாவுக்கு 40 சதவீதப் பங்கு என்று ஒரு கதை வந்ததல்லவா? அந்த நாட்களில் எங்கள் குழுவில் வேறு பேச்சே இல்லை. உன் வீடு யார் பேரில் இருக்கிறது, உன் அப்பா வல்லத்தில் (படகில்) உனக்குப் பங்கு உண்டா, கேட்டால் அண்ணன் தம்பி என்ன சொல்வார்கள் என்று பேசினோம். இந்துக் குடும்பங்களில் பெண்ணுக்குச் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்துவிட்டது என்பதைக் குழுவில் பாதிப் பேர் அப்போதுதான் கேள்விப்பட்டார்கள். எங்களைப் போலக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வேறு சட்டம், அதையும் யாரோ விசாரித்துச் சொன்னார்கள். 2023 செப்டம்பரில் குணசேகரனாக நடித்த மாரிமுத்து இறந்தபோது அழுத பெண்களை எனக்குத் தெரியும். வீட்டில் தாங்கள் தினமும் எதிர்கொள்கிற ஆளை அப்படியே நடித்துக் காட்டிய மனிதர் அவர். அவர் சாவை எல்லாச் சேனலும் நாள் முழுக்கக் காட்டியதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் அதே செய்திச் சேனல்கள் 2020 டிசம்பரில் ஒரு சீரியல் நடிகை இறந்தபோது என்ன செய்தன? அந்தப் பெண் யாரோடு பேசினாள், என்ன உடுத்தினாள், ஓட்டல் அறை எப்படி இருந்தது என்று பத்து நாள். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை வாங்குகிறார்கள், சம்பளம் எப்போது வருகிறது, உதவி என்று கேட்க யாராவது இருக்கிறார்களா என்று கேட்டவர்கள் குறைவு. அவளையும் ஒரு வேலை செய்கிற பெண்ணாக நினைத்துச் செய்தி போட்டிருந்தால் நாள் முழுக்க ஓட்டட்டும், நான் பார்ப்பேன்.

உச்சிப்புளி

அக்கா சொல்வது நியாயம். நான் முன்னால் சொன்னதில் சீரியலைச் சேர்க்கவில்லை. பிரமோவை அப்படியே எடுத்து ஓட்டுவதைத்தான் சொன்னேன்.

முகாம் பிள்ளை (மண்டபம்)

நான் மண்டபம் இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்து வளர்ந்தவள். 2021-இல் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள், நாங்கள் இன்னும் கேம்ப் என்றுதான் சொல்கிறோம். இறந்த நான்கு பேரில் ஒருவர் எங்கள் கேம்ப் என்பதால் அந்த வாரத்தைப் பற்றி நான் அதிகம் பேசப்போவதில்லை. வேறு ஒன்று சொல்ல வேண்டும்.

2019-இல் பிக்பாஸ் மூன்றாம் சீசன். இலங்கையிலிருந்து லொஸ்லியாவும் தர்ஷனும் உள்ளே போனார்கள். லொஸ்லியா இலங்கையில் டிவியில் செய்தி வாசித்தவர். எங்கள் வீட்டில் பேசுகிற மாதிரி ஒரு பெண் தமிழ்நாட்டு டிவியில் நூறு நாள் பேசினாள், சிரித்தாள், கோபப்பட்டாள். அதற்கு முன்னால் இந்த டிவியில் இலங்கைத் தமிழ் கேட்க வேண்டுமென்றால் யாராவது படகில் வந்து இறங்கியிருக்க வேண்டும், அல்லது யாராவது செத்திருக்க வேண்டும். பள்ளியில் என் பேச்சைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தவர்கள் அந்த வருடம் என்னிடம் வந்து, ‘நீயும் லொஸ்லியா ஊரா?’ என்று ஆசையாகக் கேட்டார்கள். அதைச் செய்தி சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும், செய்யவில்லை. பொழுதுபோக்கு செய்தது.

அதைப் பற்றிச் செய்திச் சேனல்கள் என்ன போட்டன என்று பார்த்தால், அவள் யாரைக் காதலிக்கிறாள் என்பதுதான். நூறு நாளும் அதுதான். இலங்கைத் தமிழர் தமிழ்நாட்டுக் குடும்பங்களின் நடுக்கூடத்துக்கு வந்து உட்கார்ந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஒரு நிருபர் மண்டபத்துக்கு வந்து கேட்டிருக்கலாம். பாலம் தாண்டக்கூட வேண்டியதில்லை, ரயிலடிப் பக்கம்தான் இருக்கிறோம். அதனால் நிறையச் செய்தி வருகிறது என்பது என் குறை இல்லை. அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டும் ஒன்றையும் விசாரிக்கவில்லை என்பதுதான் என் குறை.

தொண்டி வாத்தியார்

நல்ல விவாதம். பழைய கதை கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் இளமையில் இந்தக் கரை முழுக்க இலங்கை வானொலிதான். பாட்டுக்காகத்தான் வைப்போம். நடுவில் செய்தி வரும், அதையும் கேட்போம். 1982-இல் ரூபவாகினி வந்த பிறகு வசதி உள்ளவர்கள் மாடியில் மூங்கில் கட்டி ஆன்டெனாவைக் கிழக்கே திருப்பினார்கள். சென்னைத் தொலைக்காட்சி எங்களுக்கு எட்டவில்லை, கடலுக்கு அந்தப் பக்கம் எட்டியது. பிறகுதான் இராமேஸ்வரத்தில் 323 மீட்டர் உயரத்துக்குத் தூர்தர்ஷன் கோபுரம் வந்தது. நாட்டிலேயே மிக உயரமான கட்டுமானங்களில் ஒன்று அது. அந்த வானொலியில் பாட்டும் செய்தியும் ஒரே பெட்டியில் இருந்தன, ஆனால் பாட்டு எது, செய்தி எது என்று கேட்பவனுக்குத் தெரிந்தது. பாடகி எந்தச் சேலை கட்டினாள் என்று செய்தியில் வாசிக்க மாட்டார்கள்.

இன்றைக்கும் பாம்பனில் அதற்கு உதாரணம் இருக்கிறது. கடல் ஓசை 90.4. மீனவர்களுக்கான சமுதாய வானொலி, 2016-இல் தொடங்கியது. பாட்டு போடுகிறார்கள், அதோடு காற்றின் வேகம், அலையின் உயரம், கடலுக்குப் போகலாமா கூடாதா என்பதையும் சொல்கிறார்கள். பாட்டுக்காக வைப்பவன் காதில் எச்சரிக்கையும் விழுகிறது. 1964 டிசம்பரில் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது அப்படி ஒரு குரல் இந்தக் கரையில் இருந்திருந்தால் என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன். பொழுதுபோக்கை வெறுத்து ஒதுக்கினால் மக்கள் இருக்கும் இடத்தை விட்டு நாம் விலகிப் போவோம். அதன் பக்கத்தில் செய்தி உட்கார வேண்டும். இன்று அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. தம்பி வாடைக்காற்று கேட்ட கேள்விக்கு என் பதில், போதாது என்பதுதான். பார்க்கிறார்கள் என்பது நேரத்தை ஒதுக்கக் காரணம் ஆகலாம், முதல் செய்தியாக வைக்கக் காரணம் ஆகாது.

வாடைக்காற்று (தங்கச்சிமடம்)

அக்காவும் அந்தத் தங்கையும் சொன்னதைப் படித்தபின் என் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்கிறேன். எவ்வளவு நேரம் என்பதை விடுகிறேன். தொடர்ந்து சொல்வது என்ற ஒரு பழக்கம் இருக்கிறதே, அதைப் பற்றிப் பேசுகிறேன்.

2017 ஜூலை 27 அன்று பிரதமர் பேய்க்கரும்பில் கலாம் நினைவகத்தைத் திறந்தார். அன்றே ஆழ்கடல் மீன்பிடித் திட்டத்தின் ஆணைகளையும் மீனவர்களுக்குக் கொடுத்தார். இழுவைமடி வலையை விட்டுவிட்டு, சூரை மீன் பிடிக்கும் தூண்டில் படகுக்கு மாற வேண்டும். படகு 80 லட்சம், அதில் 70 சதவீதம் மானியம், 20 சதவீதம் வங்கிக் கடன், 10 சதவீதம் கைக்காசு. மூன்று வருடத்தில் 2,000 படகுகள் இலக்கு. பாக் நீரிணைப் பிரச்சினைக்கு இதுதான் வழி என்று பேசினார்கள். அதே நாட்களில் பிக்பாஸ் முதல் சீசன் உச்சத்தில் இருந்தது, போட்டியாளர் ஓவியா வெளியே போனது அதற்கு அடுத்த வாரத்தில்தான்.

ஓவியா ஒவ்வொரு நாளும் என்ன செய்தார் என்று அன்றைக்கு எல்லாருக்கும் தெரிந்திருந்தது. போன பிறகு எங்கே இருக்கிறார், திரும்பி வருவாரா என்று மாதக்கணக்கில் சொன்னார்கள். இந்தத் திட்டத்தில் எத்தனை படகு வந்தது, இலக்கில் கொஞ்சம்கூட ஏன் எட்டவில்லை, மாறிய படகுக்காரர் கடனைக் கட்ட முடிகிறதா, பாம்பனில் இருந்து ஆழ்கடலுக்கு எந்தப் பக்கமாகப் போவது என்பதை இப்படித் தொடர்ந்து சொன்ன சேனல் எதையும் நான் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்து மீனவன் நம் இழுவைமடியால் தன் வலை போய்விட்டது என்று அழுகிறான், அதுவும் இங்கே வருவதில்லை.

பிடிபட்டவர்கள் கதையும் இதேதான். பிடித்த அன்று ஒரு வரி. அப்புறம் இலங்கையில் ஊர்க்காவற்றுறையிலோ மன்னாரிலோ கோர்ட்டில் வாய்தா. முதல் முறை என்றால் பெரும்பாலும் விடுவிப்பார்கள். இரண்டாம் முறை பிடிபட்டால் சிறை. 2018-இல் இலங்கை தன் சட்டத்தைத் திருத்தி அபராதத்தையும் கடுமையாக்கியது. படகு அரசுடைமை ஆகிவிடும். 2024 பிப்ரவரியில் மறுபடி பிடிபட்டவர்களுக்குத் தண்டனை கொடுத்ததால்தான் இராமேஸ்வரம் மீனவர்கள் அந்த வருடம் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கே போகவில்லை. இன்று யார் வெளியே வருகிறார், யார் இன்னும் உள்ளே என்று வாராவாரம் சொல்லும் திறமை இந்தச் சேனல்களிடம் இல்லாமல் இல்லை. அதை ஒரு செட்டுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் செலவழிக்கிறார்கள்.

கீழக்கரையான் (துபாய்)

அண்ணே, இது நல்ல வாதம், ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். பிக்பாஸில் ஆள் முகம் தெரியும், குணம் தெரியும், அதனால் அடுத்து என்ன என்று மனம் கேட்கிறது. நம்மவர்களை ‘17 மீனவர்கள், 2 படகுகள்’ என்று எண்ணாகவே சொல்கிறார்கள். எண்ணை யார் தொடர்ந்து பார்ப்பார்கள்? அந்த நிகழ்ச்சிகளிடமிருந்து செய்திக்காரர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது இது. அதனால்தான் அவற்றைக் குறைக்கச் சொல்வதில் எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை.

மாவட்டச் செய்தி (இராமநாதபுரம்)

முகம் காட்டுவது என்றால் வீட்டாரிடம் கேட்டுத்தான் காட்ட வேண்டும், காக்கா. இரண்டாம் முறை பிடிபட்டவர் என்று தெரிந்தால் வழக்குக்கே பாதகம் என்று பயப்படுகிறார்கள். ஆனாலும் சம்மதிப்பவர்கள் இருப்பார்கள்.

வாடைக்காற்று அண்ணன் சொன்ன வாராவாரக் கணக்கை என்னால் செய்ய முடியும். சேனல் எடுக்குமா என்று தெரியாது, இணையதளத்தில் போடுவார்கள். எனக்கு வாய்தாத் தேதிகள் வேண்டும். பிடிபட்ட அன்று மட்டும் தகவல் வருகிறது, அதன் பிறகு யாரும் சொல்வதில்லை.

வாடைக்காற்று (தங்கச்சிமடம்)

தேதிகள் சங்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். திங்கள், புதன், சனி விசைப்படகு கடலுக்குப் போகிற நாள். காலையில் டோக்கன் கொடுக்கிற இடத்தில் சங்கத்து ஆட்கள் எல்லாரும் இருப்பார்கள். திங்கட்கிழமை வாருங்கள் தம்பி, பெட்ரோலுக்கு நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

மாவட்டச் செய்தி (இராமநாதபுரம்)

பெட்ரோல் வேண்டாம் அண்ணே, உங்களிடம் வாங்கினால் நான் எழுதுவதை யார் நம்புவார்கள். திங்கட்கிழமை வருகிறேன்.

பாம்பன் அக்கா

வருகிறபோது பாம்பனில் இறங்குங்கள் தம்பி. பாசிப் பெண்கள் பேச ஆயத்தமாக இருக்கிறோம், காட்சியும் இருக்கிறது.